கடல்மட்டத்து முள்

பொத்தோசியில் தண்ணீர் அவசரக்காரி.
எண்பத்தேழு டிகிரியிலேயே துள்ளிக் குதித்து
'கொதித்துவிட்டேன்' என்பாள்.
உருளைக்கிழங்கு அதை நம்புவதில்லை.
நானும் நம்பியிருக்கக் கூடாது,
நாலாயிரம் மீட்டர் உயரத்தில் பிறந்தவள்.

டாக்டர் நியேவெஸ் அரான்சிபியா வாய்க்குள் பார்ப்பார்.
வாயைவிட்டு வெளியே வந்ததெல்லாம் எனக்கு.
சுரங்கத்திலிருந்து நேராக வருகிறவர்கள்
கன்னத்துக் கோகோ இலை உருண்டையைத் துப்ப மனமின்றி
கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.
அந்தப் பச்சை, ஈறில் படிந்த மலைத்தூசி,
கொஞ்சம் ரத்தம், கொஞ்சம் நேற்றைய ரொட்டி
எல்லாம் கொக்கிமுனையில் ஏறி
என் தொட்டிக்கு வந்து சேரும்.

முழங்கை வரை தடித்த கையுறை.
தூரிகையைத் தண்ணீருக்கு அடியிலேயே ஓட்ட வேண்டும்,
மேலே எடுத்துத் தேய்த்தால் தெறிக்கும்,
தெறிக்கிற துளி ஆள் பார்க்காது.
அதிர்வுத் தொட்டி இரைகிறபோது என் பல்லும் கூசும்.
அலசி, ஈரம் போகத் துடைத்து,
பல்பிடுங்கும் இடுக்கியை வாய் திறந்தபடி உறையில் போடுவேன்.
மூடிய வாயை நீராவியாலும் சுத்தம் செய்ய முடியாது
(நோயாளிகளுக்கும் இதைச் சொல்லியிருக்கிறேன்).

ஆட்டோகிளேவ் அரிகாவிலிருந்து வந்தது.
துறைமுக ஊர். யாரோ விற்றது.
மூடியின் விளிம்பில் உப்புத்துரு இன்னும் இருந்தது.
முள் பதினைந்தில் நிற்க வேண்டும் என்று
முன்பக்கத்தில் யாரோ மையால் எழுதியிருந்தார்கள்.
நின்றது. இருபது நிமிடம்.
ஒட்டுப்பட்டையில் கோடுகள் கறுத்தன.
பதிவேட்டில் கையெழுத்துப் போட்டேன், அழகான கையெழுத்து,
பதினொரு நாள்.

பன்னிரண்டாம் நாள் லா பாஸ் பேருந்தில்
சோதனைக் குப்பிகள் வந்தன.
உள்ளே சாகாமல் உறங்கும் வித்துகள்.
கருவிகளோடு ஒன்றை உள்ளே வைத்து எடுத்து,
ஒரு ராத்திரி வெதுவெதுப்பில் விட வேண்டும்.
செத்திருந்தால் குப்பி ஊதாவாகவே இருக்கும்,
தெருமுனையில் விற்கும் ஆப்பிக் கூழின் ஊதா.

காலையில் மஞ்சள்.

இன்னொன்றை வைத்தேன். அதுவும் மஞ்சள்.
கறுத்த கோடுகள் என்னைப் பார்த்தன.
சூடு வந்தது என்றுதானே சொன்னோம்,
போதுமான சூடு என்றோமா?

தொலைபேசியில் பழுதுபார்ப்பவர் ஒஸ்வால்தோ சிரிக்கவில்லை.
'அந்த முள், வெளியே இருக்கிற காற்றுக்கு மேல் எவ்வளவு என்றுதான் சொல்லும்.
உங்கள் ஊரில் காற்றே குறைச்சல், எவுலோகியா.
நூற்றிருபத்தொன்று என்று நினைத்து
நூற்றிப்பதினாலில் அவித்திருக்கிறீர்கள்.'

டாக்டர் பேனாவின் மூடியைக் கழற்றினார், மாட்டினார், கழற்றினார்.
சொல்லலாம் என்றும் சொல்லவில்லை,
விட்டுவிடலாம் என்றும் சொல்லவில்லை.
நாற்பத்து மூன்று பெயர்கள்.
நான் தொலைபேசியை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.
இரண்டாவது அழைப்புக்குப் பிறகு
அவர் நாற்காலியை நகர்த்திக்கொண்டு வந்து
பட்டியலின் அடிப்பாதியைக் கிழித்து எடுத்துக்கொண்டார்.

தெமெத்ரியோ கொல்கே, கீழ்க்கடைவாய் பிடுங்கியவர், கேட்டார்:
'நீ சொல்லாவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?'
'குப்பிக்குத் தெரியுமே' என்றேன்.
அந்தப்பக்கம் மூச்சுச் சத்தம் மட்டும்,
சுரங்கத்தில் முப்பது வருடம் இழுத்த மூச்சு.
பிறகு, ரத்தம் கொடுக்க எந்தக் கிழமை வரட்டும் என்றார்.
பள்ளி ஆசிரியை ஒருத்தி பேச்சின் பாதியிலேயே துண்டித்தாள்.
அவள் மகள் வந்து கோப்பை வாங்கிக்கொண்டு போனாள்.

ஒஸ்வால்தோ வந்து வால்வை மாற்றினார்.
இருபத்தொன்றில் நகச்சாயத்தால் சிவப்பாக ஒரு கோடு இழுத்தேன்.
இப்போது வாரந்தோறும் ஊதா, ஊதா, ஊதா.
ஊதாவைப் பார்க்கும்போதும் வயிறு ஒருமுறை புரள்கிறது.

நாற்பது பேருக்கு ஒன்றுமில்லை என்று வந்துவிட்டது.
மூன்று தாள்கள் இன்னும் வரவில்லை.
ராத்திரி அடுப்பில் தண்ணீர் குதிக்கிறது.
முள்கரண்டியால் கிழங்கைக் குத்திப் பார்க்கிறேன்,
நடுவில் இன்னும் கல்.
மூடியை மறுபடி வைக்கிறேன்.